உப்பூர் வேண்டாம், எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்றால் கரண்ட் எங்கிருந்து வரும்?

கேட்டவர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர்க்காரர், இப்போது சென்னையில் வேலை. அவர் கேள்வி சுருக்கமாக இது: “நம்ம மாவட்டத்து உப்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையத்தை எதிர்த்தீர்கள். ஓஎன்ஜிசி எண்ணெய்க் கிணறும் வேண்டாம் என்கிறீர்கள். சோலார் வந்தால் நிலம் போச்சு, கடலில் காற்றாலை வந்தால் மீன் போச்சு. எதுவுமே வேண்டாம் என்றால் நாடு எப்படி ஓடும்? நிலக்கரியா, சூரியனா, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.”

ஒரு பக்கம்தான் நிற்கிறேன். மன்னார் வளைகுடாவை ஒட்டிப் புதிதாக எண்ணெய்க் கிணறு தேவையில்லை. புதிய நிலக்கரி நிலையமும் இந்தக் கரைக்கு வேண்டாம். சூரிய ஒளியும் காற்றும்தான் வழி. ஆனால் ஊர்க்காரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து இறங்குகிற விஷயத்தில், எண்ணெய் தேடித் தோண்டும் ஆய்வுக் கிணற்றுக்கும் சோலார் பண்ணைக்கும் இன்றைய சட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்வதுபோல் உங்களுக்குத் தோன்றுவது அதனால்தான்.

மின்வாரியத்தில் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் முதலில் கணக்கு.

கமுதி பக்கம் செங்கப்படையில் அதானி குழுமத்தின் சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் வந்தது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், 4,550 கோடி ரூபாய். ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொன்னார்கள். ஆனால் 648 என்பது உச்சி வெயிலில் எல்லாம் சரியாக இருந்தால் வரும் அளவு. ராத்திரி பூஜ்யம். ஆண்டு முழுக்கச் சராசரி எடுத்தால் நம் வெயிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு தேறும். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கோடி யூனிட். உப்பூரில் திட்டமிட்டது 800 மெகாவாட் அலகு இரண்டு, மொத்தம் 1,600. அது 70 சதவீதத் திறனில் ஓடியிருந்தாலே ஆண்டுக்கு 980 கோடி யூனிட் வந்திருக்கும். கிட்டத்தட்ட ஒன்பது கமுதி! பசுமை பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மாற்றக் கூடாது. கணக்கு உதைக்கிற இடத்தில் நின்று பதில் சொன்னால்தான் மற்றவன் நம்மை நம்புவான்.

நாட்டுக் கணக்கும் இதே ரகம்தான். 2025 ஜூன் நிலவரப்படி இந்தியாவின் மொத்த நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையமும் முழுவேகத்தில் ஓடினால் வரும் அளவு, சுமார் 485 கிகாவாட். அதில் பாதி நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது. 2030க்குள் எட்டுவதாக உலகத்துக்குச் சொன்னதை ஐந்து ஆண்டு முன்னாலேயே எட்டிவிட்டோம் என்று மத்திய அரசு பெருமையாக அறிவித்தது. பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மீட்டரில் ஓடுகிற யூனிட்டை எண்ணினால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இன்றும் நிலக்கரிதான். 2024-25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதல்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது, அதையும் அதே அரசு அதே பெருமையோடுதான் அறிவித்தது. மேடையில் யார் நின்றாலும் கையில் இரண்டு அறிக்கை இருக்கும். கூட்டத்தைப் பார்த்து ஒன்றை எடுத்து வாசிப்பார்கள்.

நிலக்கரி மீதான வரியின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2010இல் காங்கிரஸ் கூட்டணி அரசு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. அந்தப் பணத்தில் தூய எரிசக்தி நிதி என்று ஒன்றை உண்டாக்குவதாகச் சொன்னார்கள். பாஜக கூட்டணி அரசு அதைப் படிப்படியாக ஏற்றி 2016இல் 400 ரூபாய் ஆக்கியது. நிலக்கரியின் நண்பன் என்று திட்டு வாங்குகிற அரசு அது. அடுத்த ஆண்டே ஜிஎஸ்டி வந்தது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட அந்த 400 ரூபாய் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் செஸ்ஸே போய்விட்டது, பதிலுக்கு நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5லிருந்து 18 சதவீதம் ஆனது. நிலக்கரியில் வசூலித்துச் சோலாருக்குக் கொடுப்பது என்று கிளம்பிய பணம் எங்கே போய் முடிந்தது பாருங்கள். கட்சியின் நிறத்தை வைத்து இதில் யாரையும் எடைபோட முடியாது.

மாநிலத்திலும் அதே கதைதான். உப்பூர்த் திட்டத்தில், கடலுக்குள் சில கிலோமீட்டர் தூரத்துக்குப் பாலம் போட்டுக் குளிர்விக்கும் நீரை எடுத்து, சூடான நீரைத் திருப்பி விடுவதாக ஏற்பாடு. பாக் நீரிணை ஒரு பெரிய ஏரி மாதிரி ஆழம் குறைந்த கடல். அதில் சூட்டு நீரை விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விவசாயிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது. 2021 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, அதே ஆண்டு மின்வாரியம் உப்பூரைக் கைவிட முடிவு செய்தது. கைவிட்டு எங்கே போனார்கள் தெரியுமா? உடன்குடிக்கு. அது பக்கத்து மன்னார் வளைகுடாக் கரை, மாவட்டம் தூத்துக்குடி. அங்கே 1,320 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஏற்கனவே கட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்டாவில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் பேசுகிற கட்சிகள் எதுவும் உடன்குடியைப் பற்றி அதே சத்தத்தில் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது எரிவாயு. இங்கே எண்ணெய்க் கம்பெனியே புதிதாக வருவதுபோல் சிலர் பேசுகிறார்கள், அது சரியில்லை. ராமநாதபுரம் நிலத்துக்கடியில் எரிவாயு இருப்பது பழைய செய்தி. பெருங்குளம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடிப் பக்கம் ஓஎன்ஜிசி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வழுதூரில் மின்வாரியத்தின் எரிவாயு மின் நிலையம் 2003இல் ஓட ஆரம்பித்தது. இரண்டாம் அலகும் சேர்ந்து 187 மெகாவாட். எரிவாயு எந்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சீக்கிரம் கிளப்பலாம், சீக்கிரம் அணைக்கலாம். நிலக்கரிக் கொதிகலன் அப்படிச் சொன்ன பேச்சுக் கேட்காது. சாயங்காலம் சோலார் விழுகிற நேரத்தில் கைகொடுக்க எரிவாயு மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த ராமநாதபுரம் – தூத்துக்குடி குழாய், 143 கிலோமீட்டர், இந்த எரிவாயுவைத் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகப் போட்டது. அங்கே அது யூரியா ஆகிறது. நீங்கள் வயலுக்கு வாங்கிப் போடுகிற மூட்டையில் நம்ம ஊர் எரிவாயுவும் கொஞ்சம் இருக்கலாம்.

அப்படியானால் புதிய கிணறு ஏன் வேண்டாம்? இருக்கிற கிணற்றை மூடச் சொல்லவில்லை. அது வற்றுகிற வரை ஓடட்டும். புதிதாகத் தேடுவது வேறு விஷயம். இன்று தேட ஆரம்பித்தால் எடுத்து விற்கப் பல வருடம், போட்ட காசு திரும்ப இன்னும் பல வருடம். 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டு, அதுவரை ஓடக்கூடிய புதுத் துளைகளை மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும் விளைகிற மண்ணில் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2025இல் நடந்ததைக் கவனித்தீர்களா? ராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசி விண்ணப்பித்திருந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அந்த மார்ச்சில் அனுமதி கொடுத்துவிட்டது. ஆகஸ்டில்தான் விஷயம் வெளியே வந்தது. உடனே மாநில அரசு, எங்கள் கொள்கை இதற்கு எதிரானது, அனுமதியைத் திரும்பப் பெறுங்கள் என்று அந்த ஆணையத்துக்கே சொன்னது. ஆணையத்தை அமைப்பது மத்திய அரசு, உறுப்பினர்களைப் பரிந்துரைப்பது மாநில அரசு. இதனால் ஒருவரை ஒருவர் கைகாட்டத் தாராளமாக இடம் இருந்தது, இரண்டு நாள் தொலைக்காட்சியும் ஓடியது.

அந்தக் கூச்சலில் முக்கியமான விஷயம் காணாமல் போனது. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை பி2 என்ற வகைக்கு இறக்கிவிட்டது. பி2 என்றால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. டெல்லிக்கும் போக வேண்டாம், மாநில ஆணையமே முடித்துக்கொள்ளலாம். நிலத்தில் தோண்டினாலும் கடலில் தோண்டினாலும் இதுதான். மார்ச்சில் கொடுத்த அனுமதி ஆகஸ்ட் வரை ஊருக்குத் தெரியாமல் இருந்ததற்கு யாரும் சதி செய்ய வேண்டிய தேவையே இல்லை, சட்டமே அப்படி. 2020 பிப்ரவரியில் அதிமுக அரசு கொண்டுவந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டமும் நமக்கு உதவாது. அது காவிரி டெல்டாவுக்கானது, ராமநாதபுரம் அதில் இல்லை. டெல்டா சோறு போடுகிற பூமி, நாம் தண்ணியில்லாக் காடு. அதிகாரிகளைத் தண்டிக்க மாற்றல் போடுகிற ஊர் என்ற பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை.

சரி, சோலாருக்கு வருவோம். நீங்கள் எதிர்பார்க்காத பதில் இங்கேதான் இருக்கிறது. சூரிய மின் நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடே தேவையில்லை. எவற்றுக்கு அது தேவை என்று 2006இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின் பட்டியலில் அவை இல்லை. எத்தனை ஆயிரம் ஏக்கராக இருந்தாலும் கருத்துக்கேட்பு கிடையாது. புகை இல்லை, சாம்பல் இல்லை, எதற்குக் கேட்பு என்ற எண்ணம். ஒரு கோணத்தில் நியாயம்தான். ஆனால் நம்ம ஊர் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்று புரியும். இங்கே ஓடுகிற ஆறு பேருக்குத்தான். கண்மாய்தான் உயிர். ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக வழிந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவே இருக்கும் வரத்துக் கால்வாய் பல இடங்களில் ஒரு முழ ஆழப் பள்ளம்தான், கோடையில் பார்த்தால் கால்வாய் என்றே தெரியாது, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். புரோக்கர் வந்து பார்க்கும்போது அது தரிசு. வேலி போட்டு, மண்ணைச் சமன் செய்து, கம்பம் நட்டுவிட்டால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை.

என் உறவுக்காரர் ஒருவர் இப்படித்தான் விற்றார். பெயருக்கு அவர் நிலம், ஆண்டுக்கணக்கில் உழவில்லை, பிள்ளைகள் எல்லாம் வெளியூர். கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பவரிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். விலை வந்ததும் கொடுத்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டம் போட்டவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் பெயரில் பட்டா இல்லையே. ஆடு மேய்த்தவர்களுக்கும் அதே நிலைதான். நிலம் வாங்குகிறவன் பட்டாவைத்தான் பார்ப்பான், நிலத்தை நம்பிப் பிழைக்கிறவன் பட்டாவில் இருக்க மாட்டான். கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற ஒன்று இருந்திருந்தால் அவரும் எழுந்து பேசியிருப்பார். மைக் முன்னால் யாரும் பட்டா கேட்பதில்லை.

இப்போது வரிசையாகப் பாருங்கள். எண்ணெய் ஆய்வுக் கிணற்றுக்குக் கருத்துக்கேட்பு இல்லை, சோலாருக்கு இல்லை, நிலத்தில் போடும் காற்றாலைக்கும் இல்லை. பெரிய அனல்மின் நிலையத்துக்கு மட்டும் உண்டு. இந்தக் கரையில் மக்கள் எதிர்த்து நிறுத்த முடிந்த பெரிய மின் திட்டம் எது? உப்பூர். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கமுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே ஒப்பந்த விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. மறு ஆண்டே ராஜஸ்தானில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்குப் போனது. சீக்கிரம் வாங்கியவன் கூடுதல் விலை கொடுப்பது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் அந்த விலை வித்தியாசம் பின்னால் வேறு மாதிரி வெளிப்பட்டது. நல்ல வெயில் நேரத்தில் சோலார் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொல்வது வழக்கமானது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக என்றது மாநில மின்சுமைப் பகிர்வு மையம். விலை கூடுதல் என்பதால் குறைக்கச் சொல்கிறார்கள் என்றார்கள் உற்பத்தியாளர்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உற்பத்தியாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, பாதுகாப்பு அல்லாத காரணத்துக்குக் குறைத்தால் இழப்பீடு கொடு என்றது. வெயிலில் வரும் மின்சாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சாயங்காலம் வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்குவது எவ்வளவு பெரிய வீண் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவன் எவனும் சொல்வான்.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். மே மாதம், மணி ஐந்தரை. சோலார்க் கோடு மதியத்திலிருந்தே சரிந்துகொண்டு வந்திருக்கும். ஆறரைக்கெல்லாம் தரையைத் தொட்டுவிடும். அதே ஒரு மணி நேரத்தில் வீடுகளில் விளக்கு, ஃபேன், ஏசி என்று தேவைக் கோடு மேலே ஏறும். இரண்டும் கத்தரி மாதிரி விரியும். 2024 மே 2இல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கத்தரியின் வாயை அடைக்க இன்று நம்மிடம் இருப்பது நிலக்கரி, கொஞ்சம் நீர், கொஞ்சம் எரிவாயு, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று காலமென்றால் காற்றாலை. பேட்டரியும், தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களும்தான் அடுத்த வழி. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் பல வருடமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே “நிலக்கரியா, சூரியனா” என்பதைவிட “சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை என்ன செய்யப் போகிறாய்” என்றுதான் நான் எந்த வேட்பாளரையும் கேட்பேன். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டு.

வீட்டுக் கூரை சோலார் பற்றி இரண்டு வரி. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள், நல்ல திட்டம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற மாநிலத்தில் சின்ன வீட்டுக்காரருக்கு அவசரம் இருக்காது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் சாதாரண இரும்புச் சட்டம் போடாதீர்கள். உப்புக் காற்றில் போல்ட்தான் முதலில் போகும், பேனல் நன்றாகவே இருக்கும்.

கடைசியாகக் கடல் காற்றாலை. இதில் எனக்கு ஆசை அதிகம், பயமும் அதிகம். மன்னார் வளைகுடாவில் வைகாசி பிடித்தால் புரட்டாசி வரை கச்சான் அடிக்கிற அடி ஊருக்கே தெரியும். ராத்திரியும் அடிக்கும். சோலார் தூங்குகிற நேரத்தில் ஓடுகிற காற்றாலை என்பது கட்டுப்பாட்டு அறைக்காரனுக்கு வரம். 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கி, குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு உதவுவதாக அறிவித்தது. அதற்கு முன் தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு விட்ட டெண்டர் 2025இல் ரத்தானது. ஆக இன்னும் ஒரு தூண்கூட நடவில்லை. பேசுவதற்கு இதுதான் நேரம்.

மீனவர் ஏன் பயப்படுகிறார் என்பதற்கு வரைபடம் போதும். ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக் நீரிணையில் 1974இலும், தெற்கே மன்னார் வளைகுடாவில் 1976இலும் போட்ட எல்லைக்கோடு, அந்தப் பக்கம் போனால் இலங்கைக் கடற்படை. இந்தப் பக்கம் 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா, 21 தீவு. அங்கே வலை விரிக்க முடியாது, பாசி எடுக்கும் பெண்கள்கூடத் துரத்தப்படுகிறார்கள். மிச்சமிருக்கும் தண்ணீரில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு போகிறார்கள். அதற்குள் தூண் நட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் பாதுகாப்பு வட்டம் போட்டால் என்ன மிஞ்சும்? இதைக் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். இத்தனைக்கும் டீசல் விலை ஏறினால் நாட்டிலேயே முதலில் வலிப்பது விசைப்படகுக்காரருக்குத்தான். எண்ணெய் யுகம் முடிவதில் அவரைவிட லாபம் யாருக்கு?

அதனால் நான் சொல்வது இது. இடம் ஒதுக்கும் முன்பே எந்த மாதம் எந்த மீன்பிடி இடத்தில் என்ன மீன், எந்த ஊர்ப் படகு என்று மீனவர்களை வைத்தே வரைபடம் போட வேண்டும். ஆழம் கூடிய தெற்குப் பகுதியை முதலில் எடுத்து, பாக் நீரிணையைத் தொடாமல் விட வேண்டும். கடலடிக் கேபிள் பதிக்கிற வேலையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம், விசைப்படகுகள் எப்படியும் கரையில்தான் நிற்கும். ஆனால் தடைக்காலம் நாட்டுப்படகுக்குக் கிடையாது, அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு நல்ல விலை கிடைக்கும் சீசன். நஷ்டஈட்டுப் பட்டியல் தயாரிப்பவர் தடைக்காலம்தானே என்று அவர்களை விட்டுவிடாமல், முதல் வரியிலேயே அவர்கள் பெயரை எழுத வேண்டும்.